பலகையின் ஓரம்

ஐப்பசி பிறந்து அடைமழை பிடித்துக்கொண்டால் நம் அங்கத்தினர்களுக்கு உண்டாகும் தொல்லைகள் ஒன்றிரண்டல்ல. தெருவில் பாவு விரிக்க இடமிராது. விரித்த பாவுக்குக் கஞ்சி போட்டால் காயாது. குழித்தறியில் நீர் ஊற்றெடுக்கும். குறுவை அறுத்தவருக்குக் களம் காயாது. இவை யாவும் நம் பாட்டன்மார் காலந்தொட்டு வருபவை. அவற்றுக்குப் பரிகாரமும் பழக்கத்திலேயே உண்டு. ஆனால் சென்ற சில ஆண்டுகளாக இவ்வரிசையில் புதிய தொல்லையொன்றும் வந்து சேர்ந்திருக்கிறது. சங்கத்து அலமாரிகளும், நூற்கிடங்கின் தட்டுகளும், விற்பனைக் கூடத்து மேசைகளும் மழைக்காலத்தில் வீங்குகின்றன. தை மாதத்து வெயில் வந்த பின்னும் அவ்வீக்கம் வடிவதில்லை.

மரக் கதவு மழையில் பருத்து நிலையோடு பிடித்துக்கொள்வதையும், கோடையில் தானே இளகிவிடுவதையும் எல்லோரும் அறிவோம். இது அப்படிப்பட்டதன்று. இது இயந்திரசாலையில் செய்யப்பட்ட பலகையின் நோய். தேக்கும் வேங்கையும் கைக்கெட்டாத விலைக்கு ஏறிவிட்ட இக்காலத்தில் சங்கங்களும் குடும்பங்களும் இப்பலகையைத்தான் நாடவேண்டியிருக்கிறது. ஆதலின் அதைக் காப்பாற்றும் வகையைப் பற்றிச் சில விவரங்களை இங்கே எழுத முற்பட்டோம்.

முதலில் நம் சங்கத்திலேயே நடந்ததைச் சொல்லிவிடுகிறோம். நஷ்டமான பணம் அங்கத்தினருடையது. அதை மறைப்பது முறையன்று.

நூற்கிடங்கிலிருந்த பழைய மாமரத் தட்டுகள் உளுத்து விழும் நிலைக்கு வந்துவிட்டதால், எம். டி. எப். என்று கடைகளில் வழங்கும் பலகையில் புதிய தட்டுகள் செய்வதென்று தீர்மானமாயிற்று. தச்சர் கொடுத்த மதிப்பீட்டில் கடைசிக்கு முந்திய வரியாக, ‘ஓரம் அடைத்தல், இரு முகமும் வார்னிஷ்’ என்று ஓர் இனம் இருந்தது. செலவைக் குறைக்கவேண்டும் என்ற பேச்சு எழுந்தபோது, “நூல் கட்டு அடுக்குகிற தட்டுக்கு மெருகு எதற்கு? கலியாணப் பந்தலிலா வைக்கப் போகிறோம்?” என்று ஒருவர் கேட்டார். எல்லோரும் சிரித்தோம். அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்த கை நம்முடையதே.

மறுநாள் தச்சர் வந்து வாசற்படியிலேயே நின்றார். “முகத்துக்கு வேண்டாமென்றால் விட்டுவிடுங்கள் ஐயா. ஓரத்தையாவது அடைக்க உத்தரவு கொடுங்கள். இந்தப் பலகை ஓரத்தால்தான் தண்ணீர் குடிக்கும்” என்றார். கூட்டத்தில் முடிந்துபோன விஷயம், ஆசாரியாரே, என்று சொல்லி அனுப்பிவிட்டோம்.

அவ்வாண்டு மழையில் கிடங்கின் கதவிடுக்கு வழியே சாரல் புகுந்து, சிமெண்டுத் தரையில் ஒரு விரற்கடை நீர் இரண்டு நாள் நின்றது. அடித்தட்டுகளும் அவற்றைத் தாங்கிய நிறுத்துப் பலகைகளும் அந்த நீரிலேயே நின்றன. ஓரங்கள் ஊறிய ரொட்டிபோல் பருத்தன. பருத்த இடத்தில் திருகாணிகள் பிடிப்பற்றுப் போயின. மூன்றாம் நாள் விடியுமுன் ஒரு தட்டு சரிந்து, சாயச் சிட்டங்களும் வெள்ளைச் சிட்டங்களும் ஒன்றாக ஈரத்தில் விழுந்தன. சாயம் வெள்ளையில் இறங்கிவிட்டது. அந்த நூல் ஏற்கெனவே பெயர் பெயராகப் பிரித்துவைத்த நூல். அதற்கு மாற்று நூல் வரவழைத்துக் கொடுக்கும்வரை சில குடும்பங்களின் தறிகள் வெறுமனே நின்றன. மதிப்பீட்டில் நாம் மிச்சம் பிடித்த தொகையோ, கெட்டுப்போன ஒரே கட்டு நூலின் விலைக்கும் காணாது.

நிற்க. இந்தப் பலகை எத்தகையது என்பதை அறிந்தாலன்றி அதற்குச் செய்யவேண்டிய காப்பு விளங்காது.

மரத்தை நாராக்கி, அந்நாரை அழுத்திப் பலகையாக்கும் தொழில் புதியதன்று. அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலத்து லாரல் என்னும் ஊரில் வில்லியம் மேசன் என்பவர், மரமறுக்கும் ஆலைகளில் வீணாகும் மரச்சில்லுகளை நீராவியின் அழுத்தத்தால் நாராக வெடிக்கச்செய்து, 1924-ஆம் ஆண்டில் ஹார்டுபோர்டு எனப்படும் கெட்டியான மெல்லிய பலகையைக் கண்டார். அதில் ஒரு வகையை எண்ணெயில் தோய்த்துச் சூளையில் வாட்டி ஈரத்தைத் தாங்கச் செய்தார்கள். ஓரமும் முகமும் அடைக்கும் வேலையை ஆலையே செய்துவிட்டது என்று கொள்ளலாம். எம். டி. எப். என்னும் நடுத்தர அடர்த்தியுள்ள நார்ப்பலகை 1960-களின் நடுவில் நியூயார்க் மாநிலத்தில் வியாபாரத்துக்கு வந்தது. அது முதலில் செய்யப்பட்ட ஊரின் பெயர் டெபாசிட்! கூட்டுறவுக்காரர்களுக்கு இதைவிடப் பழக்கமான பெயர் வேறு கிடைக்காது.

செய்யும் விதம் வருமாறு: மரச் சில்லுகளை நீராவியில் வேகவைத்து, சுழலும் எஃகுத் தட்டுகளுக்கிடையே அரைத்துப் பஞ்சுபோன்ற நாராக்குகிறார்கள். அந்நாரின்மேல் பசையும் சிறிது மெழுகும் தெளித்து, உலர்த்தி, மெத்தைபோல் பரப்பி, சூடான இரும்புத் தட்டுகளுக்கிடையில் நசுக்குகிறார்கள். அநேகமாக உபயோகிக்கும் பசை யூரியாவையும் பார்மால்டிஹைடையும் சேர்த்துக் காய்ச்சியது. நம் பயிர்த்தொழில் அங்கத்தினர்கள் வயலுக்கு இடுகிறார்களே, அந்த யூரியாதான். 2015-இல் உழவருக்குரிய யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய் பூசவேண்டுமென்று மத்திய அரசு விதித்ததற்கு, மானிய உரம் இத்தகைய தொழிற்சாலைகளுக்குக் கடத்தப்படுவதைத் தடுப்பதும் ஒரு காரணமாகும்.

இனி, வீக்கம் ஏன் என்பதைப் பார்ப்போம். பருத்திப் பேலின் இரும்புப் பட்டையை அறுத்தவுடன் உள்ளே அடங்கிக் கிடந்த பஞ்சு எப்படிப் பொங்கி எழுகிறதென்பதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். அறுத்த பேலை மறுபடி கையால் அமுக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவர இயலுமா? இயலாது. பலகையில் அழுந்திக் கிடக்கும் நாரும் அந்தப் பஞ்சைப் போன்றதே; பசைதான் அதைக் கட்டிய பட்டை. நீர் உள்ளே புகுந்தால் நார் விம்முகிறது. யூரியாப் பசையோ ஈரத்தில் நாளடைவில் கட்டு விடுகிறது. வெயில் வந்து நீர் போனாலும் விம்மிய நார் திரும்ப அடங்குவதில்லை.

அதிலும் ஓரம் மாத்திரம் ஏன் முதலில் கெடுகிறது? சூட்டுத் தட்டு நேராகப் பட்ட இரண்டு முகங்களும் இறுகி, கனத்த தோல்போல் ஆகிவிடுகின்றன. நடுப்பகுதி அவ்வளவு இறுகுவதில்லை. இரம்பத்தால் அறுக்கும்போது அந்த நடுப்பகுதி ஓரத்தில் வெளிப்பட்டு விடுகிறது. அங்கே ஒரு சொட்டு நீரை வைத்துப் பாருங்கள், பார்த்துக்கொண்டிருக்கும்போதே உறிஞ்சிவிடும். முகத்தில் வைத்த சொட்டோ வெகுநேரம் முத்தாக நிற்கும். நூல் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து எடை கூடும் என்பதை நெசவாளருக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. பருத்தி நூலுக்கு நூற்றுக்கு எட்டரை பங்கு ஈரம் இயல்பென்று வியாபாரக் கணக்கிலேயே ஒப்புக்கொள்கிறார்கள். மரநாரும் பருத்திக்கு ஒன்றுவிட்ட சகோதரன்தானே!

துகள் பலகையில், அதாவது பார்ட்டிகிள் போர்டில், ஓரம் இன்னும் பொறுபொறுவென்று இருக்குமாதலால் கேடும் விரைவு. ஒட்டுப்பலகை இவ்விரண்டையும்விட மேலானது. அதிலும் படகுக்கேற்றதென்று ஐ.எஸ். 710 முத்திரையுடன் விற்பது பீனால் பசையால் ஒட்டப்பட்டது. கொதிநீருக்கும் கட்டு விடாது. விலையும் அதற்குத் தக்கபடி. எம். டி. எப். பலகைக்குரிய தர எண் ஐ.எஸ். 12406 ஆகும். பச்சைச் சாயம் கலந்த பலகையெல்லாம் ஈரம் தாங்கும் பலகை என்று சில கடைகளில் சொல்லுவார்கள். நிறத்தைப் பார்க்காமல் முத்திரையையும் தரத்தையும் பார்த்தே வாங்கவேண்டும்.

மறு மழைக்கு முன்னர் அதே தச்சரை நாமே போய் அழைத்து வந்தோம். அவர் பழைய சங்கதியை எடுக்கவில்லை. எடுத்திருந்தால்கூட நமக்குச் சிறிது ஆறுதலாக இருந்திருக்கும்.

அவர் முதலில் செய்தது ஒரு பரீட்சை. ஒரே பலகையிலிருந்து மூன்று துண்டுகள் அறுத்தார். ஒன்றை அப்படியே வைத்தார். இன்னொன்றின் முகங்களுக்கு மட்டும் வார்னிஷ் பூசினார். மூன்றாவதற்கு நான்கு ஓரங்களையும் அடைத்து, பிறகு முழுதும் பூசினார். பூச்சுகள் நன்றாகக் காய்ந்தபின், பலகையின் கனம் சரியாக நுழையும்படி ஒரு மரக்கட்டையில் வாய் வெட்டிக்கொண்டு, மூன்று துண்டுகளையும் ஒரு நாள் முழுதும் வாளித் தண்ணீரில் போட்டு எடுத்தார். முதல் துண்டு அந்த வாயில் நுழையவே இல்லை. முகத்துக்கு மட்டும் பூசிய துண்டும் நுழையவில்லை. பளபளப்பு மட்டும் கெடாமல் இருந்தது. மூன்றாவது சற்று இறுக்கமாக நுழைந்தது. இப்பரீட்சைக்கு ஒரு காசும் செலவில்லை. பலகை வாங்கும் சங்கம் ஒவ்வொன்றும் வாங்குமுன் ஒரு துண்டைப் பெற்றுச் செய்து பார்க்கலாம்.

வேலை நடந்த விதத்தைச் சற்று விரிவாகவே சொல்லுவோம். பலகைகளை வண்டியிலிருந்து இறக்கியவுடன் அறுக்கவில்லை. கிடங்கிலேயே சட்டங்களின்மேல் படுக்கவைத்து மூன்று நாள் விட்டார். நிறுத்திச் சாய்த்து வைத்தால் வளையும். எட்டடிக்கு நான்கடி, பதினெட்டு மில்லிமீட்டர் கனமுள்ள பலகை ஏறக்குறைய நாற்பது கிலோ எடை. தன் பாரத்திலேயே தொய்யக்கூடியது. அறுக்கும்போது பறக்கும் தூள் மாவினும் நுண்ணியது. மூக்கையும் வாயையும் முகமூடியால் நன்றாகக் காத்துக்கொண்டு, வெளியில் வைத்தே அறுக்கவேண்டும்.

அறுத்த ஓரத்தை முதலில் 120-ஆம் எண் உப்புத்தாளாலும், பின் 220-ஆம் எண்ணாலும் தேய்த்தார். முகத்தையோ, மெல்லத் தடவியதோடு நிறுத்திக்கொண்டார். அழுத்தித் தேய்த்தால் அந்த இறுகிய தோல் போய், முகமும் ஓரத்தைப்போல் நீர் குடிக்கத் தொடங்கும் என்றார். பிறகு அரக்கு. செதிள் செதிளாக அவல்போல் விற்கும் அரக்கை ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 120 கிராம் வீதம் முந்தின இரவே ஊறவைத்து, காலையில் துணியில் வடிகட்டி, ஓரத்துக்கு மட்டும் தூரிகையால் கொடுத்தார். முதல் பூச்சு போன இடம் தெரியவில்லை. அரைமணிக்குள் காய்ந்து, நார்கள் முள்போல் எழும்பி நின்றன. அவற்றை உப்புத்தாளால் தடவி மறுபடி பூசினார். மூன்றாவது பூச்சில் ஓரம் பளபளப்புக் காட்டத் தொடங்கியது. “பளபளப்பு வந்தால்தான் வாய் அடைத்தது என்று அர்த்தம்” என்றார். சில துண்டுகளுக்கு நான்காவதும் வேண்டியிருந்தது.

திருகாணித் துளைகளைப் பலர் மறந்துவிடுகிறார்கள். துளையும் ஓர் ஓரந்தான். முன்னதாகவே துளையிட்டு, குச்சியில் பஞ்சு சுற்றி அரக்கில் தோய்த்து உள்ளே விட்டு, உலர்ந்தபின்பே திருகினார்.

அரக்குக்குப் பதிலாகக் கடையில் விற்கும் மரச் சீலரையும் உபயோகிக்கலாம். சிலர் வெள்ளைக் கோந்தில் சம அளவு நீர் கலந்து ஓரத்தில் தேய்க்கிறார்கள். அது நாரைப் படியவைக்கும். ஆனால் நீரில் மீண்டும் இளகும் தன்மையுடையதாதலால், அதன்மேல் வேறு காப்பின்றி விடலாகாது. சுவருக்குப் பூசும் சிமெண்டு லப்பத்தை இதற்குக் கொண்டுவருவது வீண். முதல் பூச்சாக நீர் கலந்த வார்னிஷைக் கொடுப்பதும் நல்லதன்று. காப்பதற்கு வந்த பூச்சே முதல் ஈரத்தையும் கொடுத்துவிடும்.

ஓரம் அடைந்தபின் வார்னிஷ். முதல் பூச்சில் பத்தில் ஒரு பங்கு தின்னர் சேர்த்து மெலிதாக்கிக் கொடுத்தார். ஒரு நாள் காய விட்டு, 320-ஆம் எண் தாளால் இலேசாகத் தடவி, தூசியைத் துடைத்து, இரண்டாவதும் மூன்றாவதும் நீர்ப்பின்றிக் கொடுத்தார். மேல்முகத்துக்கு எத்தனை பூச்சோ, அடிமுகத்துக்கும் அத்தனை. கண்ணுக்குத் தெரியாத பக்கந்தானே என்று ஒரு முகத்தை விட்டுவிட்டால், அந்தப் பக்கம் மட்டும் ஈரம் ஏறி இறங்கிப் பலகை கோணிக்கொள்ளும். இங்கே சிக்கனம் பார்க்கவேண்டுமென்று நமக்கு மறுபடியும் ஓர் ஆசை தோன்றியதை ஒப்புக்கொள்கிறோம். இம்முறை வாய் திறக்கவில்லை.

மூடலான நாளிலும் மழை நாளிலும் பூச்சுவேலை வைத்துக்கொள்ளக் கூடாது. அரக்கு காற்றின் ஈரத்தைப் பற்றி வெண்மையாகப் பூத்துவிடும். வார்னிஷ் ஒட்டும் பதத்திலேயே நிற்கும். சித்திரை முதல் ஆனி வரையிலான வெயிலே இதற்கு உகந்தது.

அரக்கு பழைமையான பொருளாயினும் சில குறைகள் அதற்கு உண்டு. சூடான பாத்திரம் வைத்தால் தழும்பு விழும். சோடா உப்புக் கலந்த நீரால் துடைத்தால் கரையும். ஆதலின் மேசைக்கு அரக்கு மட்டும் போதாது. மேலே பாலியூரிதேன் அல்லது வேறு நல்ல வார்னிஷ் வேண்டும். கரைத்த அரக்கு நெடுநாள் வைத்தால் காயும் சக்தியை இழக்கும். வேண்டிய அளவே கரைக்கவேண்டும்.

இப்போது சொல்லப்போவது நெசவாளர் குடும்பங்களுக்கு மிக முக்கியமானது. வார்னிஷ் வேலையை நூற்கிடங்கிலோ தறி வீட்டிலோ வைத்துச் செய்யவே கூடாது. ஸ்பிரிட்டும் தின்னரும் ஆவியாகிப் பரவி, தூரத்து அடுப்பிலும் பற்றும். அதைவிட நுட்பமான அபாயம் ஒன்று உண்டு. துடைப்பதற்கு நம் வீடுகளில் எளிதாக அகப்படுவது தறிக் கழிவு நூல். ஆளிவிதை எண்ணெயிலும், எண்ணெய் சேர்ந்த வார்னிஷிலும் தோய்ந்த கழிவு நூலைச் சுருட்டி ஒரு மூலையில் எறிந்தால், அந்த எண்ணெய் காற்றோடு கலந்து உலரும்போது வெப்பம் உண்டாகிறது. விரித்துப் போட்டால் வெப்பம் காற்றோடு போய்விடும். சுருட்டி வைத்தால் உள்ளேயே கூடிக் கூடி, தீக்குச்சி ஏதுமின்றித் தானாகவே கனன்று பற்றிக்கொள்ளும். வேலை முடிந்து எல்லோரும் வீடு சென்ற சில மணி நேரத்துக்குப் பின்னர் நிகழ்வதாகையால் அதைப் பார்ப்பாரும் இரார். துடைத்த நூலையும் துணியையும் அன்றன்றே தண்ணீர் நிறைந்த தகர டப்பாவில் அமிழ்த்தி, மூடி வெளியில் வைக்கவேண்டும். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிவைக்க வேண்டும்.

பார்மால்டிஹைடைப் பற்றியும் ஒரு வார்த்தை. புதிய பலகை வைத்த அறையில் கண் எரிவதும் மூக்கு உறுத்துவதும் அதனாலேயே. உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004-இல் அதை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களின் வரிசையில் சேர்த்தது. இ-1, இ-0 என்று குறியிட்ட பலகைகளில் அவ்வாவி குறைவு. ஓரமும் முகமும் நன்றாக அடைபட்டால் வெளிவருவது மேலும் குறையும். குழந்தைகள் தூங்கும் அறைக்குப் பூசாத பலகை ஆகாது.

பயிர்த்தொழில் அங்கத்தினர்கள், இதில் நமக்கென்ன இருக்கிறது என்று கேட்கக்கூடும். அரக்கே ஒரு விளைபொருள். பலாசு, இலந்தை, பூவம் முதலிய மரங்களின் கிளைகளில் சிறு பூச்சிகள் கட்டும் கூட்டிலிருந்து கிடைப்பது. ஜார்க்கண்டு, சத்தீஸ்கர் பகுதிகளில் ஆதிவாசிக் குடும்பங்கள் பலவற்றுக்கு அதுவே ரொக்கம் தரும் பயிர். முந்திரிக் கொட்டையின் ஓட்டிலிருந்து வடிக்கும் எண்ணெயும் வார்னிஷுக்கும் பசைக்கும் மூலப்பொருளாகிறது. பண்ருட்டிப் பக்கத்தார் அந்த எண்ணெய் கையில் பட்டால் கொப்புளிக்கும் என்பதை நன்கறிவர். பலகையும் மரத்தால்தான் ஆகவேண்டுமென்பதில்லை. கரும்புச் சக்கையிலிருந்து பலகை செய்வது 1920-களிலேயே அமெரிக்காவின் லூசியானாவில் பெருந்தொழிலாயிற்று. மும்பையிலுள்ள மத்திய பருத்தித் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தார் பருத்திச் செடியின் தண்டிலிருந்து துகள் பலகை செய்யும் முறையை வகுத்துக் கொடுத்திருக்கிறார்கள். பஞ்சு எடுத்தபின் வயலில் கொளுத்திவிடும் மாரைத்தான் சொல்லுகிறோம். அந்தப் பலகைக்கும் ஓரம் உண்டு; அதையும் அடைக்கவேண்டும்.

நம் கிடங்கில் இப்போது தட்டுகளின் கால்கள் கருங்கல் துண்டுகளின்மேல், தரையிலிருந்து நான்கு விரற்கடை உயரத்தில் நிற்கின்றன. சுவருக்கும் தட்டுக்கும் இடையே கைநுழைய இடம் விட்டிருக்கிறோம். உரமூட்டைகளை வேறு அறைக்கு மாற்றியாயிற்று. உரம் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கசியும். ஆண்டுக்கொருமுறை, ஆனி மாதத்தில், ஓரங்களில் நீர்ச் சொட்டு வைத்துப் பார்த்து, உறிஞ்சும் இடங்களுக்குத் திரும்பப் பூசுவதென்றும், அச்செலவை வரவு செலவுத் திட்டத்தில் தனி இனமாக வைப்பதென்றும் தீர்மானித்திருக்கிறோம். கரையானுக்கு இப்பூச்சு முழுக் காப்பன்று. அதற்குத் தனியே மருந்திட வேண்டும்.

ஊறிப்போன பழைய அடித்தட்டு ஒன்றையும், பரீட்சை செய்த மூன்று துண்டுகளையும், தச்சர் வாய் வெட்டிய கட்டையையும் எறியாமல் காரியாலயத்தில் வைத்திருக்கிறோம். பொதுக்கூட்டத்துக்கு வரும் அங்கத்தினர்கள் அவற்றைக் கையால் எடுத்துப் பார்க்கலாம். அடித்த வரியோடு அந்தப் பழைய மதிப்பீடும் அதே மேசையின்மேல்தான் இருக்கும்.